புதிய ஃப்ரீலான்சர் எவ்வளவு கேட்கலாம்? ரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்து, டிசைன், மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங், கோடிங், கணக்கு வேலை என்று எதையாவது தனியாக எடுத்துச் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை தெரியும், கிளையன்டும் ஒருவர் கிடைத்துவிட்டார், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார், அந்த இடத்தில் வாய் வரமாட்டேன் என்கிறது. பெரும்பாலானவர்கள் அப்போது மனதில் தோன்றிய ஏதோ ஒரு சின்னத் தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் அதைச் சுமக்கிறார்கள். கீழே வரும் தொகைகளுக்கு நாணயம் போடவில்லை, உங்கள் பணத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலைக்கு எவ்வளவு கேட்பது என்றே தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் செலவிலிருந்து ஆரம்பியுங்கள். மற்றவர் என்ன வாங்குகிறார், கிளையன்ட் என்ன நினைப்பார் என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு வருடம் குடும்பச் செலவோடு வாழ உங்களுக்கு 12,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர், இணையம், மென்பொருள் சந்தா, மின்சாரம் போன்ற தொழில் செலவுக்கு 1,500. வரி, மருத்துவக் காப்பீடு, வேலை வராத மாதத்துக்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து 2,500. மொத்தம் 16,000.

இனி நேரத்தைப் பாருங்கள், தவறு நடப்பது இங்கேதான். வருடத்துக்கு 52 வாரம், வாரம் ஐந்து நாள் என்றால் 260 நாள். விடுமுறை, பண்டிகை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஒரு 40 நாளைக் கழித்தால் 220. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 1,760 மணி நேரம் வரும். ஆனால் அது அத்தனையும் காசாகாது. கிளையன்ட் தேடுவது, கொட்டேஷன் எழுதுவது, வராத பணத்தைக் கேட்டு அலைவது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது, கணக்கு எழுதுவது, இதற்கெல்லாம் யாரும் பணம் தரப்போவதில்லை. தொடங்குபவருக்குப் பாதியிலிருந்து 60 சதவீதம் வரை காசாகும் நேரமாக இருந்தாலே நல்ல நிலைமை. ஆக வருடத்துக்குச் சுமார் 1,000 மணி நேரம்.

16,000ஐ 1,000ஆல் வகுத்தால் மணிக்கு 16. இதுதான் உங்கள் தரை. இதற்குக் கீழே எந்த வேலையை எடுத்தாலும் உங்கள் கையிலிருந்து பணம் போட்டுத்தான் செய்கிறீர்கள்.

சம்பளத்தை மாத வேலை நேரத்தால் வகுத்தால் போதாதா?

போதாது. மேலே சொன்ன அதே ஆள், "வருடத்துக்கு 12,000 சம்பளம் வந்தால் போதும், வாரம் 40 மணி நேரம் வேலை" என்று கணக்குப் போட்டால் 12,000ஐ 2,080ஆல் வகுப்பார், மணிக்கு 6கூட வராது. சம்பளக்காரருக்கு லீவுக்கும் பணம் வருகிறது, நாற்காலியும் கம்ப்யூட்டரும் நிறுவனத்துடையவை, வேலை இல்லாத நாளிலும் சம்பளம் நிற்பதில்லை. அதெல்லாம் இப்போது உங்கள் தலையில். 6க்கும் 16க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் நிறைய பேர் ஒரு வருடம் ராப்பகலாக உழைத்துவிட்டு, "ஃப்ரீலான்ஸ் நமக்குச் சரிப்படாது" என்று திரும்பப் போகிறார்கள். அவர்களுடைய திறமையில் குறை ஒன்றும் இருந்திருக்காது.

புதியவர்தானே, குறைவாகக் கேட்பதுதானே நியாயம்?

கொஞ்சம் குறைவு நியாயம்தான். பத்து வருட அனுபவம் உள்ளவர் வாங்குவதை நீங்கள் முதல் மாதமே கேட்க முடியாது, அவர் தவறுகளை முன்கூட்டியே பார்த்துத் தவிர்ப்பார், அதற்குத்தான் அவருக்குக் கூடுதல் பணம். ஆனால் தரைக்குக் கீழே போவதற்குப் புதியவர் என்பது காரணமாகாது. வாடகையில் உங்களுக்கு யாரும் புதியவர் சலுகை தருவதில்லையே.

இன்னொன்று, மிகக் குறைந்த ரேட் நீங்கள் எதிர்பார்க்கும் கிளையன்ட்டைக் கொண்டுவராது. விலையை மட்டும் பார்த்து வருபவர் அடுத்த மாதம் இன்னும் மலிவானவர் கிடைத்தால் போய்விடுவார், போவதற்கு முன்னால் ஏழெட்டுத் திருத்தமும் கேட்டிருப்பார். பொறுப்பாக வேலை வாங்குகிறவருக்கோ மிக மலிவான கொட்டேஷனைப் பார்த்தால், "இவருக்கு வேலை தெரியுமா?" என்ற சந்தேகம்தான் வரும்.

தொடக்கச் சலுகை கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் அதை எழுத்தில் தெரியும்படி கொடுங்கள். "வழக்கமான கட்டணம் 180, முதல் வேலை என்பதால் 150" என்று இன்வாய்ஸில் இரண்டு வரியாகவே போடுங்கள். வெறும் 150 என்று போட்டால் அதுவே உங்கள் விலையாகப் பதிந்துவிடும்.

ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்றே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

யாருக்குமே சரியாகத் தெரியாது, இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு நாளைத்தான் மனம் கற்பனை செய்கிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதினார்கள். பிறகு 1994இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள், உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தங்கள் சொந்த வேலையைப் பற்றித்தான் அவர்கள் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினால் இந்தப் பிழை நிறையக் குறையும். 1,500 சொல் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "எழுத மூன்று மணி நேரம்" என்றுதான் முதலில் தோன்றும், மணிக்கு 16 என்றால் 48. இப்போது பிரித்துப் பார்ப்போம். கிளையன்ட் அனுப்பியதைப் படித்துச் சந்தேகம் கேட்க 1 மணி நேரம், தகவல் திரட்ட 2, எழுத 3, திருத்திச் செப்பனிட 1, கிளையன்ட் சொல்லும் மாற்றங்களுக்கு ஒன்றரை, இந்த வேலை தொடர்பான மெயிலுக்கும் போனுக்கும் அரை மணி. மொத்தம் 9 மணி நேரம், 144. இதன்மேல் எதிர்பாராததற்குக் கால் பங்கு வைத்தால் 180. மூன்று மணி நேர வேலை என்று நினைத்தது கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது, இதில் பேராசைத் தொகை எங்கேயும் சேரவில்லை.

அப்புறம், வேலை செய்யும்போது நேரத்தைக் குறித்து வையுங்கள். நோட்டுப் புத்தகம் போதும். நாலைந்து வேலைகளுக்குக் குறித்துவிட்டால் அடுத்த கொட்டேஷனை ஊகத்தில் எழுதவேண்டியிருக்காது.

மணிக்கணக்கில் வாங்குவதா, மொத்தமாகப் பேசிக்கொள்வதா?

வேலை எங்கே முடியும் என்று தெளிவாகத் தெரிந்தால் மொத்தத் தொகை. தெரியாவிட்டால், அதாவது வேறொருவர் அரைகுறையாக விட்டுப்போன வெப்சைட்டைச் சரிசெய்வது போன்ற, உள்ளே போனால்தான் என்ன இருக்கிறது என்று தெரியும் வேலைகளுக்கு, மணிக்கணக்கு. அதில் கிளையன்ட்டுக்குப் பயம் இருக்கும், ஆகவே "பத்து மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் நிறுத்திவிட்டு உங்களைக் கேட்பேன்" என்று ஒரு வரம்பைச் சொல்லிவிடுங்கள்.

மணிக்கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. கை பழகப் பழக வேகம் கூடும், வேகம் கூடினால் அதே வேலைக்கு வருமானம் குறையும். அதனால் ஒரு வகை வேலை நன்றாகப் பழகியதும் அதை மட்டும் மொத்தத் தொகைக்கு மாற்றிக்கொள்வது உங்களுக்கு நல்லது, எவ்வளவு ஆகும் என்று முன்பே தெரிவதால் கிளையன்ட்டுக்கும் நல்லது. மணி நேரக் கணக்கை அப்போதும் உங்களுக்குள் போட்டுப் பாருங்கள், வெளியே சொல்லத் தேவையில்லை.

மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். அதே துறையில் உங்களுக்கு ஓரிரு வருடம் முன்னால் தொடங்கியவர்களிடம் "நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்" என்று நேராகக் கேட்பதைவிட, "இந்த மாதிரி வேலைக்கு நான் 180 சொல்லலாம் என்று நினைக்கிறேன், எப்படித் தெரிகிறது?" என்று கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். இணையத் தளங்களில் போட்டிருக்கும் தொகையை மட்டும் நம்பாதீர்கள். அங்கே எழுதியிருப்பது கேட்கும் விலை, உண்மையில் வாங்குவது கூடவோ குறையவோ இருக்கலாம்.

சந்தை விலை உங்கள் தரையைவிட மேலே இருந்தால் சந்தை விலையையே கேளுங்கள். கீழே இருந்தால், அந்த வகை வேலையில் நீங்கள் பிழைக்க முடியாது என்று கணக்குச் சொல்கிறது. கொஞ்சம் நகர்ந்து பக்கத்து வேலையைப் பிடிப்பதா, குறிப்பிட்ட ஒரு துறையில் ஆழமாகப் போவதா என்று யோசிக்க வேண்டும். மனதுக்குக் கஷ்டமான முடிவுதான், ஆனாலும் ஆறு மாதம் கழித்துத் தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

ஆன்லைன் தளங்களில் கமிஷன் போகிறதே, அதை எப்படிச் சேர்ப்பது?

ஃப்ரீலான்சரையும் கிளையன்ட்டையும் சேர்த்துவைக்கும் தளங்களில் ஒன்றான ஃபைவரில் விற்பவரிடமிருந்து 20 சதவீதம் பிடிக்கிறார்கள். அதே மாதிரித் தளமான அப்வொர்க் 2023இல் எல்லோருக்கும் 10 சதவீதம் என்று ஆக்கியது, 2025இல் வேலைக்கு வேலை மாறும் விகிதத்துக்குப் போய்விட்டது. ஆகவே கணக்குத் தொடங்கும் அன்றைக்கு விகிதம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் 180 வேண்டும், கமிஷன் 20 சதவீதம் என்றால் பலரும் 180உடன் 20 சதவீதத்தைக் கூட்டி 216 போடுவார்கள். 216இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 173கூட இல்லை. 180ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 225 வரும். பணத்தை வேறு நாணயத்தில் வாங்கினால் வங்கியோ பணம் அனுப்பும் சேவையோ மாற்று விகிதத்தில் எடுக்கும் பங்கையும் இதே மாதிரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

"உங்கள் ரேட் என்ன?" என்று அவர் கேட்கிறார், "உங்கள் பட்ஜெட் என்ன?" என்று நான் கேட்கிறேன். யார் முதலில் சொல்வது?

பட்ஜெட்டை ஒரு முறை கேளுங்கள், தப்பில்லை. சொல்லவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் வரும் எண் மற்ற பேச்சையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். மேலே சொன்ன உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1974இல் எழுதிய ஒரு சோதனையில், ஒரு சக்கரத்தைச் சுற்றி 10 அல்லது 65 என்று விழவைத்துவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் பதில்களில் நடுமதிப்பு 25, 65 பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இருந்தும் இவ்வளவு வித்தியாசம். கணக்குப் போட்டு வைத்திருப்பவருக்கு முதலில் சொல்வதில் பயப்பட ஒன்றுமில்லை.

போனில் கேட்டால் உடனே சொல்லத் தேவையில்லை. "விவரங்களைப் பார்த்துவிட்டு நாளைக்குள் எழுத்தில் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். பதற்றத்தில் சொல்லும் எண் எப்போதும் குறைவாகத்தான் வருகிறது.

குறைக்கச் சொன்னால்?

விலையை மட்டும் குறைக்காதீர்கள், வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். "150க்குள் வேண்டும் என்றால் 1,500 சொல்லுக்குப் பதில் 1,200, திருத்தம் ஒரு முறை" என்று சொல்லுங்கள். கேட்டதும் அதே வேலையை 150க்குச் செய்கிறேன் என்றால், முதலில் சொன்ன 180 கூடுதலாகச் சொன்னது என்றுதானே அவர் நினைப்பார்?

20 சதவீதம் தள்ளுபடி சின்னதாகத் தெரியும். ஆனால் பழைய வருமானத்தைப் பிடிக்க 25 சதவீதம் கூடுதல் வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளுக்கும் மேல் கூடுதலாகப் போகும், அந்த நாள் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சரி சொல்லுங்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் "இந்தத் தொகையில் என்னால் சரியாகச் செய்ய முடியாது, பின்னால் தேவைப்பட்டால் கட்டாயம் சொல்லுங்கள்" என்று மரியாதையாக முடித்துக்கொள்ளலாம். அப்படிப் போனவர்கள் திரும்ப வருவதும் நடக்கும்.

சாம்பிளாக இலவசமாகச் செய்து தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருப்பதைக் காட்டுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் கற்பனையாக ஒரு கிளையன்ட்டை வைத்து இரண்டு மூன்று வேலைகளை உங்களுக்காகவே செய்து போர்ட்ஃபோலியோவில் போடுங்கள், அது யாருக்குக் காட்டினாலும் உங்களுடையதாகவே இருக்கும். கிளையன்ட்டின் உண்மையான வேலையையே சாம்பிள் என்ற பெயரில் கேட்டால், சின்னதாக ஒரு கட்டணச் சோதனை வேலை என்று பேசுங்கள். அதற்கும் முடியாது என்பவர் பெரிய வேலைக்கு எப்படிப் பணம் தருவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்ல காரியத்துக்கு இலவசமாகச் செய்வது வேறு விஷயம், மனமிருந்தால் செய்யுங்கள். அப்போதும் முழுத் தொகையைப் போட்டு, நன்கொடை என்று கழித்துக் காட்டும் இன்வாய்ஸ் ஒன்றை அனுப்புங்கள்.

சொந்தக்காரர், நண்பர் என்றால்?

ஒன்று முழு விலை, இல்லையென்றால் முழு இலவசம். பாதி விலை இரண்டு பக்கமும் மனத்தாங்கலில் முடிகிறது. அவர் காசு கொடுத்தோமே என்று நினைப்பார், நீங்கள் சும்மா செய்து தருகிறோமே என்று நினைப்பீர்கள்.

அட்வான்ஸ் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள், தொழில் செய்பவர்களுக்கு அது பழகிய விஷயம். சின்ன வேலைக்குப் பாதி முன்பணம், மீதி ஒப்படைக்கும்போது. ஒரு மாதத்துக்கு மேல் போகும் வேலையை மூன்றாகப் பிரியுங்கள், தொடக்கத்தில் ஒரு பங்கு, பாதி முடிந்ததும் ஒரு பங்கு, முடிவில் ஒரு பங்கு. பணம் எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்பதையும் எழுதுங்கள். நியூயார்க் நகரில் 2017 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிப்பிடவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தரவேண்டும். உங்களுக்கு அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அதே இரண்டு வரியை உங்கள் கொட்டேஷனில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அவசர வேலைக்குக் கூடுதலாகக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மற்ற கிளையன்ட்டின் நேரத்தையோ உங்கள் தூக்கத்தையோ நகர்த்தித்தான் அதைச் செய்கிறீர்கள். 25 முதல் 50 சதவீதம் வரை வைக்கலாம், ஆனால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"இதை ஏஐயே இலவசமாகச் செய்துவிடுமே" என்கிறார்களே?

இதைக் கேட்டுக் கோபப்பட்டுப் பயனில்லை, கேள்வி நியாயமானதுதான். சில வேலைகளின் விலை உண்மையிலேயே இறங்கிவிட்டது, பொதுவான ஒரு பத்தி எழுதித் தருவதற்கு முன்புபோல யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் எது சரி, எது தப்பு என்று பார்த்து, அவருடைய வாடிக்கையாளருக்கு ஏற்றபடி மாற்றி, தப்பு வந்தால் போன் எடுத்துப் பதில் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். உங்கள் கொட்டேஷனில் அந்தப் பகுதியைத் தெரியும்படி எழுதுங்கள், தகவல் சரிபார்ப்பு, இரண்டு முறை திருத்தம், குறித்த தேதியில் ஒப்படைப்பு என்று. நீங்களே அந்தக் கருவிகளைப் பயன்படுத்தினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரேட்டை எப்போது ஏற்றுவது?

கேட்கும் கிளையன்ட் எல்லோரும் மறுபேச்சில்லாமல் சரி என்றால் ரேட் குறைவு என்று அர்த்தம். வேலை தலைக்கு மேல் போய்ப் புதியதை எடுக்க முடியவில்லை என்றாலும் ஏற்றும் நேரம் வந்துவிட்டது. முதலில் புதிய கிளையன்ட்டிடம் புதிய ரேட்டைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பழையவர்களுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகத் தகவல் கொடுத்து ஏற்றுங்கள். காரணம் காட்டி நீளமாக எழுதவேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம்.

போய்விடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். எல்லோரும் ஒரே அளவு வேலை தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ரேட்டை 25 சதவீதம் ஏற்றி, ஐந்தில் ஒருவர் போனாலும் வருமானம் அதேதான், வேலை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அந்த நேரத்தில் அடுத்தவரைத் தேடலாம்.

சரி, கடைசியில் கிளையன்ட்டுக்கு என்னதான் எழுதி அனுப்புவது?

இப்படி:

"வணக்கம். நீங்கள் கேட்ட 1,500 சொல் கட்டுரைக்குக் கட்டணம் 180. தகவல் திரட்டல், எழுத்து, பிழை திருத்தம், இரண்டு முறை மாற்றங்கள் இதில் அடங்கும். மூன்றாவது முறையிலிருந்து மணிக்கு 20. படங்கள் இதில் சேராது. பாதித் தொகை வந்ததும் தொடங்கி 7 வேலை நாளில் தருகிறேன், மீதி ஒப்படைத்த 15 நாளுக்குள். இந்த விலை இம்மாதக் கடைசி வரை. சம்மதம் என்றால் பதில் எழுதுங்கள், இன்வாய்ஸ் அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். "மாற்றங்கள் இரண்டு முறை" என்ற வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள், முடிவே இல்லாமல் நீளும் வேலைகள் பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால் நீண்டவை. "படங்கள் சேராது" என்பதும் அப்படித்தான், எது கிடைக்காது என்று சொல்லாவிட்டால் எல்லாம் கிடைக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். கூடுதல் வேலைக்கான 20, உங்கள் தரையான 16இன் மேல் கால் பங்கு வைத்தது.

"உங்களால் முடிந்தால்", "அதிகமாகத் தோன்றினால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்பது போன்ற வார்த்தைகளை அனுப்பும் முன்பு தேடி எடுத்துவிடுங்கள், அவர் கேட்காத தள்ளுபடியை அவை நீங்களே கொடுத்துவிடும். நாலைந்து நாள் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டி எழுதுங்கள், அந்த மெயிலில் தொகையைத் தொடவேண்டாம்.